நான்கு பழைய ஹைபிரிட் கார்கள்: எதை வாங்கலாம்?

கேள்வி: வேலைக்குப் போய்வர தினமும் 60 கிலோமீட்டர் ஆகிறது. பாதி நகர நெரிசல், பாதி நெடுஞ்சாலை. ஐந்து ஆண்டு வைத்து ஓட்டும் எண்ணத்தில் பெட்ரோல் என்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து இயங்கும் பழைய ஹைபிரிட் கார் தேடினேன். நான்கு கார்கள் என் கைக்கு எட்டும் விலையில் இருக்கின்றன. ஒன்று 2008 டொயோட்டா பிரியஸ், 2,40,000 கி.மீ. ஓடியது, 'பேட்டரி மாற்றியாச்சு' என்கிறார் விற்பவர். இரண்டாவது 2011 பிரியஸ், 2,10,000 கி.மீ.; ஒரே உரிமையாளர், சர்வீஸ் பில்கள் எல்லாம் வைத்திருக்கிறார். மூன்றாவது 2012 டொயோட்டா கேம்ரி ஹைபிரிட், 2,65,000 கி.மீ.; பெரும்பாலும் நெடுஞ்சாலை ஓட்டம். நான்காவது 2009 ஹோண்டா சிவிக் ஹைபிரிட், 1,45,000 கி.மீ. மட்டுமே, விலையும் நான்கில் அதற்குத்தான் குறைவு. கிலோமீட்டர் குறைந்ததை எடு என்கிறார்கள் வீட்டில். எனக்கோ பேட்டரியை நினைத்தால்தான் பயம். எதை எடுக்கலாம்? பார்க்கப் போகும்போது எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

பதில்: முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேம்ரியை முதலில் பாருங்கள். கீழே சொல்லும் சோதனைகளில் தேறினால் அதையே எடுங்கள். தேறாவிட்டால் 2008 பிரியஸ்; அதுவும் அந்த 'மாற்றியாச்சு' என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான். 2011 பிரியஸ் அத்தனை பில்கள் இருந்தும் மூன்றாம் இடத்துக்கே வருகிறது. சிவிக் வேண்டாம்.

அதிகம் ஓடிய காரை முதலில் வைத்திருப்பது வீட்டில் உள்ளவர்களுக்கு விளங்காமல் போகலாம். சாதாரண காரில் மீட்டர் காட்டும் எண்ணை வைத்து என்ஜின், கியர் பாக்ஸ், கிளட்ச் எவ்வளவு தேய்ந்திருக்கும் என்று கணக்குப் போடுவோம். டொயோட்டா ஹைபிரிட்டில் தேய்வதற்குக் கிளட்ச்சே கிடையாது. கியர் மாற்றும் பட்டைகளும் இல்லை. ஒரு கோள்கியர் தொகுப்பு (நடுப் பல்சக்கரத்தைச் சுற்றிச் சிறு பல்சக்கரங்கள் சுழல்வது), இரண்டு மோட்டார் ஜெனரேட்டர்கள் (காரை ஓட்டவும் மின்சாரம் தயாரிக்கவும் செய்பவை), அவ்வளவுதான் அதன் கியர் பாக்ஸ். டைமிங் பெல்ட் இல்லை, செயின்தான். ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை. பிரேக் பிடிக்கும் வேலையில் பெரும்பகுதியை மோட்டாரே பார்த்துக்கொள்வதால் பிரேக் பேடுகூட ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டி வரும். ஆகவே இந்தக் கார்களில் 2,10,000-க்கும் 2,65,000-க்கும் இடையே உள்ள வித்தியாசம் பெரிதல்ல. காரைப் படுக்கவைப்பவை வேறு: வயது, சூடு, அடைத்துக்கொண்ட குளிரூட்டும் வழிகள்.

பேட்டரியை எடுத்துக்கொள்வோம். நீங்கள் பட்டியலிட்ட நான்கிலும் இருப்பது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி. கார் அதை முழுதாக நிரப்பவும் விடாது, முழுதாக வடியவும் விடாது. ஏறக்குறைய 40 சதவீதத்துக்கும் 80 சதவீதத்துக்கும் நடுவில் வைத்தே ஓட்டும். அதனால்தான் இவ்வளவு காலம் உழைக்கிறது. அதைக் கெடுப்பதில் முதலாவது சூடு. இரண்டாவது, காரை மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திவைப்பது. நின்ற காரில் ஒவ்வொரு செல்லும் ஒவ்வொரு வேகத்தில் தானாக மின்னை இழக்கும். பிறகு ஓட்டும்போது இளைத்த செல் மற்றவற்றுக்கு முன்பே காலியாகி, முன்பே நிறைந்து, சூடேறும். ஒரு மாட்யூல், அதாவது சில செல்கள் சேர்ந்த கட்டு, தளர்ந்தால் முழுத் தொகுப்பும் தளர்ந்ததாகவே கார் கணக்கிடும். பன்னிரண்டு வருடத்தில் ஒரு லட்சம் கிலோமீட்டர் மட்டும் ஓடி, பாதி நாள் வெயிலில் நின்ற காரைவிட, தினமும் நெடுஞ்சாலையில் ஓடிய காரின் பேட்டரி நல்ல நிலையில் இருப்பது இயல்பே. சிவிக்கின் குறைந்த கிலோமீட்டர் உங்களை மயக்க வேண்டாம் என்பதற்கு இது ஒரு காரணம்.

ஆனால் பேட்டரியைப் பற்றிய உங்கள் பயத்தைக் கொஞ்சம் இடம் மாற்றி வைக்கச் சொல்வேன். பேட்டரி கெட்டால் என்ன ஆகும், எவ்வளவு ஆகும் என்று இன்றைக்கே தெரிந்துகொள்ள முடியும். புதிய தொகுப்பின் விலையை விசாரித்து எழுதி வையுங்கள். கழற்றி மாட்ட அரை நாள் வேலை. மாட்டிய பிறகு அந்தக் கவலை பல வருடங்களுக்கு இல்லை. பணத்தை விழுங்குபவை முன்கூட்டி விலை சொல்ல முடியாத பழுதுகள்: ஹெட் கேஸ்கட் (என்ஜினின் மேல்பாகத்துக்கும் உடலுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு), பிரேக் ஆக்சுவேட்டர் (பிரேக் அழுத்தத்தை உண்டாக்கிக் கட்டுப்படுத்தும் பாகம்), இன்வெர்ட்டர் (பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் பாகம்). எந்தக் காரை எடுத்தாலும் ஒரு புதிய பேட்டரியின் விலையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மீதிப் பணத்துக்குள் கார் வாங்குங்கள். அந்த மீதிக்குள் வராத கார் உங்களுக்கு எட்டும் விலையில் இல்லை என்று பொருள்.

இனி ஒவ்வொன்றாக.

2012 கேம்ரியில் இருப்பது 2.5 லிட்டர் என்ஜின். இதற்கு முந்தைய தலைமுறை கேம்ரி ஹைபிரிட்டில், அதாவது 2007 முதல் 2011 வரை வந்ததில், 2.4 லிட்டர் என்ஜின் இருந்தது. அந்த என்ஜின் குடும்பம் ஆயில் குடிப்பதற்குப் பெயர்போனது. உங்கள் கார் அதற்கு அடுத்த தலைமுறை என்பதைச் சேஸி எண்ணை வைத்து உறுதிசெய்துகொள்ளுங்கள். 2011 இறுதியில் விற்ற கார்களில் இரண்டு தலைமுறையும் கலந்திருக்கும். இதன் பேட்டரியில் 34 மாட்யூல்கள், 244.8 வோல்ட். பின் இருக்கைக்குப் பின்னால், டிக்கிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும். கேம்ரி பேட்டரிகள் காலத்துக்கு முன்பே போவதற்கு அடிக்கடி காரணமாவது பேட்டரியைக் குளிர்விக்கும் விசிறி. காரின் உள்ளே இருக்கும் காற்றையே அது இழுக்கிறது. இருக்கைத் துணியின் நூல், தூசி, நாய் முடி எல்லாம் விசிறியின் இறகுகளில் ஒட்டி, காற்று பாதியாகக் குறைந்துவிடும். டாஷ்போர்டில் பெரும்பாலும் எந்த விளக்கும் எரியாது. பேட்டரி மட்டும் ஒவ்வொரு கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமாக வேகும்.

கேம்ரியின் குறை பெட்ரோல். பிரியஸ் அளவுக்குச் சிக்கனம் இல்லை. வருடத்துக்கு 18,000 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் ஐந்து வருடத்துக்கு 90,000. 2011 பிரியஸ் லிட்டருக்கு 20 கி.மீ. தந்தால் 4,500 லிட்டர் வேண்டும். கேம்ரி 17 தந்தால் ஏறக்குறைய 5,300 லிட்டர். ஆக ஐந்து ஆண்டில் 800 லிட்டர் கூடுதல். அந்த 800 லிட்டரின் விலையையும், ஒரு ஹெட் கேஸ்கட் வேலைக்கு உங்கள் மெக்கானிக் கேட்கும் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நெடுஞ்சாலையில் கேம்ரியின் அமைதியும் பின் இருக்கை இடமும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

2008 பிரியஸின் 1.5 லிட்டர் என்ஜின் மிக உறுதியானது. சரியாக ஆயில் மாற்றியிருந்தால் மூன்று லட்சம் கிலோமீட்டரை ஆர்ப்பாட்டமில்லாமல் கடக்கும். வயதான பிறகு ஆயில் கொஞ்சம் எரிக்கும். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் அளவு காட்டும் குச்சியை எடுத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும். வழக்கமான பழுதுகள் இவை: இன்வெர்ட்டருக்குக் கூலன்ட் (குளிரூட்டும் திரவம்) சுற்றும் மின் பம்ப் நின்றுபோவது, வேகம் காட்டும் மீட்டர் திடீரென இருண்டுபோவது, டிக்கிக் கதவு ஓரமாக மழைநீர் கசிந்து, விளக்கு, கணினிகளுக்கான சிறிய 12 வோல்ட் பேட்டரி இருக்கும் குழியில் தேங்குவது, பிரேக் ஆக்சுவேட்டர். மீட்டர் இருண்டால் கார் ஓடும், ஆனால் பவர் பட்டனை அழுத்தியும் சில நேரம் அணையாமல் படுத்தும். அதைக் கழற்றி, தளர்ந்த கெப்பாசிட்டரை மாற்றித் தருபவர்கள் உண்டு. புது மீட்டர் தேவையில்லை.

இந்தக் காரில் உண்மையான கேள்வி அந்தப் பேட்டரிதான். 'மாற்றியாச்சு' என்பது மூன்று விஷயங்களில் ஏதாவது ஒன்றாக இருக்கும். புதிய முழுத் தொகுப்பு போட்டிருக்கலாம். அப்படியானால் பில் இருக்கும், தொகுப்பின் வரிசை எண் பில்லில் இருக்கும், நிம்மதியாக வாங்கலாம். வேறொரு மோதிய காரிலிருந்து கழற்றிய பழைய தொகுப்பைப் போட்டிருக்கலாம். அப்போது எந்த ஆண்டுக் கார், எத்தனை கிலோமீட்டர் என்று கேட்க வேண்டும். மூன்றாவதுதான் மிகப் பரவலானது: 28 மாட்யூல்களில் கெட்ட இரண்டு மூன்றை மட்டும் எடுத்துவிட்டு, எங்கிருந்தோ கிடைத்த பழைய மாட்யூல்களைச் செருகுவது. இது சில மாதம் ஓடும். பிறகு அடுத்த மாட்யூல் போகும். அதை மாற்றினால் அதற்கடுத்தது. எல்லாமே ஒரே வயது, ஒரே சூட்டில் கிடந்தவை. புதிதாகச் செருகியதற்கும் மற்றவற்றுக்கும் கொள்ளளவு ஒத்துப்போகாததால் சமநிலை இன்னும் சீக்கிரம் குலையும். விற்பவர் இப்படிச் செய்ததாகச் சொன்னால் அவர் மீது தவறில்லை, உள்ளதைச் சொல்கிறார். ஆனால் அந்தக் காரைப் பேட்டரி கெட்டுப்போன கார் என்றே வைத்து விலை பேசுங்கள்.

2011 பிரியஸ் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான்கில் இதுதான் பார்க்க மிக நன்றாக இருக்கும். 1.8 லிட்டர் என்ஜின், பெல்ட்டே இல்லை, தண்ணீர் பம்ப்பும் மின்சாரத்தில் ஓடுவது, லிட்டருக்கு 20 கி.மீ.க்கு மேல் தரும். இதன் நோய் புகைச்சுழற்சி அமைப்பில் இருக்கிறது. ஈஜிஆர் என்று ஒர்க்ஷாப்பில் சொல்வார்கள். எரிந்த புகையில் ஒரு பங்கைக் கூலன்டால் குளிரவைத்து, மறுபடி என்ஜினுக்குள் விட்டு, எரியும் சூட்டைக் குறைப்பது அதன் வேலை. அந்தக் குளிரூட்டியின் சன்னமான தகடுகளுக்கிடையே கரியும் ஆயில் ஆவியும் சேர்ந்து, ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்குள் நன்றாக அடைத்துக்கொள்கிறது. காற்றை என்ஜினுக்குள் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் சிறு துளைகளும் அடைகின்றன. எல்லாம் ஒரே அளவில் அடைவதில்லை, அதனால் ஒரு சிலிண்டர் மற்றதைவிடச் சூடாகிறது. நாளடைவில் ஹெட் கேஸ்கட் வலுவிழந்து, கூலன்ட் துளித்துளியாகச் சிலிண்டருக்குள் கசிகிறது.

இதன் அடையாளம் மிகத் தெளிவானது. இரவு முழுதும் நின்ற காரைக் காலையில் இயக்கினால், என்ஜின் ஓடத் தொடங்கும் முதல் சில நொடிகள் கார் முழுவதும் கடகடவென்று உதறும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் அமைதியாகிவிடும். காரின் கணினியில் பி0300, பி0301 போன்ற மிஸ்ஃபயர் (சிலிண்டர் சரியாக எரியாத) பழுதுக் குறிகள் வரும். ஈஜிஆர் ஓட்டம் போதவில்லை என்று பி0401 வரும். கூலன்ட் டப்பாவில் மட்டம் மெல்ல இறங்கும். வெளியே ஒரு சொட்டுக் கசிவும் தென்படாது. இதை அலட்சியம் செய்து ஓட்டினால் ஒருநாள் சிலிண்டரில் தேங்கிய கூலன்டை அழுத்த முடியாமல், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதன் பிறகு என்ஜினையே மாற்ற வேண்டியதுதான். உங்கள் 2011 காரின் பில்களில் ஆயில் மாற்றியது இருக்கும், பிளக் மாற்றியது இருக்கும். ஈஜிஆர் குளிரூட்டியும் மேனிஃபோல்டும் கழற்றிச் சுத்தம் செய்ததாக ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனியின் சர்வீஸ் பட்டியலில் அந்த வேலை இல்லாததால், மிக ஒழுங்காகப் பராமரித்த காரில்கூட அது நடந்திருக்காது. 2,10,000 கி.மீ. ஓடி, ஈஜிஆரைத் தொடாத காரை, கேஸ்கட் இன்னும் நன்றாக இருந்தாலும், ஈஜிஆர் வேலையின் செலவைக் கழித்தே வாங்க வேண்டும். கூலன்ட் குறைந்திருந்தால் வாங்கவே கூடாது.

இன்னொன்று: 2014-இல் டொயோட்டா இந்தத் தலைமுறை பிரியஸ்களை உலகம் முழுக்கத் திரும்ப அழைத்து இன்வெர்ட்டரைக் கட்டுப்படுத்தும் மென்பொருளை மாற்றியது, 2018-இல் மறுபடியும் ஒரு அழைப்பு. சேஸி எண்ணைக் கொடுத்தால் அந்த வேலைகள் நடந்தனவா என்று கம்பெனி சர்வீஸில் சொல்வார்கள். நடக்காமலிருந்தால் இலவசமாகவே செய்து தருவார்கள்.

சிவிக்கின் அமைப்பு வேறு. என்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே தட்டையாக ஒரு சிறு மோட்டார். அது என்ஜினுக்கு உதவி செய்யும், அவ்வளவே. பேட்டரி 158 வோல்ட். சிறிய பேட்டரி, நெரிசலில் விடாமல் நிரம்பி வடிந்துகொண்டே இருக்கும். இந்தத் தலைமுறை சிவிக்கில் பேட்டரி இளம் வயதிலேயே தளர்வது பரவலாக இருந்தது. 2010-இல் ஹோண்டா மென்பொருளை மாற்றி, பேட்டரியின் பாரத்தைக் குறைத்தது. பேட்டரி நீடித்தது, உதவியும் சிக்கனமும் குறைந்தன. இதில் சாதகம் ஒன்று உண்டு: பேட்டரி கெட்டாலும் கார் பெரும்பாலும் ஓடும், இழுவைதான் குறையும். டொயோட்டாவில் உயரழுத்தப் பேட்டரி, அதாவது மோட்டாரை ஓட்டும் பெரிய பேட்டரி, செத்தால் என்ஜினைச் சுழற்றவே ஆளில்லை, கார் அசையாது. ஆனால் பேட்டரி தளர்ந்து ஓடும் சிவிக், 1.3 லிட்டர் என்ஜினை வைத்துக்கொண்டு மேட்டில் திணறும் ஒரு சாதாரண கார். அதன் கியர் பாக்ஸ் இரும்புப் பட்டை ஓடும் சிவிடி, அதாவது படிகள் இல்லாமல் விகிதம் தொடர்ந்து மாறும் கியர் பாக்ஸ். ஹோண்டா சொல்லும் ஆயிலை மட்டுமே ஊற்றி, காலத்தில் மாற்றியிருந்தால்தான் அது நிற்கும். ஐந்து ஆண்டு தினம் 60 கி.மீ. ஓட்டப்போகிறவருக்கு இது பொருந்தாது.

இனிப் பார்க்கப் போகும் நாள். கூட எடுத்துப் போக வேண்டியவை: காரின் கணினியில் பதிவான பழுதுக் குறிகளைப் படிக்கும் ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர், டொயோட்டா ஹைபிரிட் பேட்டரியைப் படிக்கும் செயலி உள்ள கைப்பேசி, ஒரு மல்டிமீட்டர், நல்ல டார்ச். டொயோட்டாவின் சொந்த மென்பொருளான டெக்ஸ்ட்ரீம் வைத்திருக்கும் மெக்கானிக்கை அழைத்துப் போக முடிந்தால் இன்னும் நல்லது. என்ஜின் குறி மட்டும் படிக்கும் மலிவான ஸ்கேனர் போதாது. பேட்டரி, பிரேக் கணினிகளையும் படிக்க வேண்டும்.

காரை முந்தைய இரவிலிருந்து ஓட்டாமல் வைக்கச் சொல்லுங்கள். இது முக்கியம். போனதும் பானெட்டைத் தூக்கித் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லித் திரும்புங்கள். குளிர்ந்திருக்கும்போதே என்ஜின் கூலன்ட் டப்பா, இன்வெர்ட்டர் கூலன்ட் டப்பா இரண்டின் மட்டத்தையும் நிறத்தையும் பாருங்கள். டொயோட்டாவில் இளஞ்சிவப்பு நிறத்தில் தெளிவாக இருக்க வேண்டும். வெறும் தண்ணீர் நிறமாக இருந்தால், கூலன்ட் குறையக் குறைய யாரோ தண்ணீர் ஊற்றி வந்திருக்கிறார்கள்.

அடுத்து ஸ்கேனரை மாட்டுங்கள். குறி எதுவும் இல்லை என்று காட்டினால் அத்துடன் விட்டுவிடாதீர்கள். 'குறிகளை அழித்த பிறகு ஓடிய தூரம்' என்ற வரியைத் தேடுங்கள். அது முப்பது, நாற்பது கிலோமீட்டர் என்று காட்டினால், நேற்றோ இன்று காலையோ யாரோ எச்சரிக்கை விளக்கை அழித்திருக்கிறார்கள். 12 வோல்ட் பேட்டரி மாற்றினாலும் சில கார்களில் அப்படிக் காட்டும். விற்பவரிடம் காரணம் கேளுங்கள், பில் இருந்தால் ஏற்கலாம். பி0ஏ80 வந்தால் பேட்டரித் தொகுப்பை மாற்ற வேண்டும் என்று பொருள். 2008 பிரியஸில் பி3011 முதல் பி3024 வரையுள்ள குறிகள் பேட்டரியின் எந்தத் தொகுதி (இரண்டு மாட்யூல் சேர்ந்தது) தளர்ந்தது என்று சொல்லும். பி0ஏஏ6 வந்தால் உயரழுத்த மின்சாரம் எங்கோ காரின் உடம்புக்குக் கசிகிறது. வெள்ளத்தில் நின்ற காராக இருக்கலாம். இல்லையென்றால் ஏசி பழுதுபார்த்தவர் மின் கம்ப்ரஸருக்கு உரிய ஆயிலை விட்டுவிட்டு, சாதாரணக் கார் ஏசி ஆயிலை ஊற்றியிருக்கலாம். அந்த ஆயில் மின்சாரத்தைக் கடத்தும். இரண்டுமே தொல்லை பிடித்தவை. அந்தக் குறி இருந்தால் நகர்ந்துவிடுங்கள்.

இப்போது காரை இயக்குங்கள். முதல் உதறலைக் கவனியுங்கள், புகைக்குழாயில் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா பாருங்கள். சத்தம் லாரி மாதிரி உறுமினால் கீழே குனிந்து பாருங்கள்; ஹைபிரிட்களில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் திருடர்களுக்குப் பிடித்தமானது, அதுவும் 2008 பிரியஸில் இருப்பது. வெட்டி எடுத்த இடத்தில் வெறும் குழாயைப் பற்றவைத்திருப்பார்கள். கார் ஓடத் தயார் என்று காட்டும் ரெடி விளக்கு எரியும்போது இன்வெர்ட்டர் கூலன்ட் டப்பாவின் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள்; கூலன்ட் சுழன்று கொந்தளிக்க வேண்டும். அசையாமல் நின்றால் பம்ப் செத்துவிட்டது. என்ஜின் கூலன்ட் மூடியை மட்டும் சூட்டில் ஒருபோதும் திறக்காதீர்கள்.

பிரேக்கை இப்படிச் சோதிக்கலாம். காரை அணைத்துவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து ஓட்டுநர் கதவைத் திறந்தால் முன்பக்கம் 'உர்ர்' என்று பம்ப் சில நொடி ஓடி நிற்கும். அது இயல்பு. காரை இயக்கி நிறுத்தி வைத்து, பிரேக்கை மெதுவாக அழுத்தி விடுங்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பம்ப் ஓடினாலும், பிரேக்கைத் தொடாமலே அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஓடினாலும் ஆக்சுவேட்டர் உள்ளே அழுத்தம் கசிகிறது. மூன்று டொயோட்டாவுக்கும் பொதுவான பழுது இது. பாகமும் விலை கூடியது, மாட்டிய பிறகு பிரேக் குழாய்களில் உள்ள காற்றை வெளியேற்றவே டெக்ஸ்ட்ரீம் வேண்டும். பிரேக் விஷயம் என்பதால் இதில் சமரசம் வேண்டாம்.

பிறகு அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். செயலியில் பேட்டரித் தொகுதிகளின் வோல்ட்டேஜைத் திறந்து, ஓட்டுவது ஒருவர், பார்ப்பது இன்னொருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பிரியஸில் 14 தொகுதிகள், கேம்ரியில் 17. ஒவ்வொன்றும் இரண்டு மாட்யூல், 14.4 வோல்ட். சும்மா நிற்கும்போது எல்லாம் ஒன்றுபோலத்தான் காட்டும், அதில் ஒன்றும் தெரியாது. நல்ல மேட்டில் பத்து நொடி முழுதாக ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள். அதிகபட்சத் தொகுதிக்கும் குறைந்தபட்சத் தொகுதிக்கும் இடைவெளி அரை வோல்ட்டுக்குள் இருந்தால் பேட்டரி நன்றாக இருக்கிறது. ஒரு வோல்ட்டை நெருங்கினால் வயசாகிவிட்டது, ஓரிரு வருடம் தாங்கலாம். எப்போதும் அதே ஒரு தொகுதி மட்டும் ஒன்றரை, இரண்டு வோல்ட் கீழே விழுந்தால் அது நோயாளி. 2008 பிரியஸில் திரையில் பேட்டரி இருப்பைக் காட்டும் கோடுகளையும் பாருங்கள்: நெரிசலில் பச்சையிலிருந்து சில நிமிடத்தில் ஊதாவுக்கு இறங்கி, அதே வேகத்தில் மறுபடி பச்சைக்கு ஏறினால் கொள்ளளவு சுருங்கிவிட்டது. நல்ல பேட்டரி பெரும்பாலும் ஐந்து, ஆறு கோட்டில் மெல்ல அசைந்துகொண்டிருக்கும். ஓட்டம் முடிந்ததும் பின் இருக்கைப் பக்கம் காதை வையுங்கள். கொஞ்சம் ஓட்டியதற்கே விசிறி உச்ச வேகத்தில் இரைந்தால், அடைத்திருக்கிறது அல்லது பேட்டரி சூடாகிறது.

டிக்கித் தரையைத் தூக்கி ஸ்டெப்னி குழியைப் பாருங்கள். வண்டல், துரு, ஈர வாசனை இருந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை. ஆரஞ்சு நிறக் கேபிள் எதையும் நீங்களோ, ஹைபிரிட் தெரியாத மெக்கானிக்கோ தொடக் கூடாது. உயரழுத்தப் பேட்டரியைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை எடுத்த பிறகும் இன்வெர்ட்டர் கெப்பாசிட்டர்கள் வடிய பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். 1,000 வோல்ட் தாங்கும் கையுறை இல்லாமல் இன்வெர்ட்டரின் மூடியைத் திறப்பது உயிருக்கு ஆபத்து.

மூன்று டொயோட்டாவும் தேறவில்லை என்றால் அவசரப்பட்டு சிவிக்குக்குத் திரும்பாதீர்கள். 2012-க்குப் பிந்தைய டொயோட்டா அக்வா, சில நாடுகளில் பிரியஸ் சி என்ற பெயரில் விற்றது, தேடிப் பாருங்கள். 2008 பிரியஸில் உள்ள அதே 1.5 லிட்டர் குடும்பத்து என்ஜின். பேட்டரியில் 20 மாட்யூல்கள்தான், அதனால் மாற்றும் செலவும் குறைவு. நெடுஞ்சாலையில் சத்தம் கூடுதல், இடம் குறைவு.

எதை வாங்கினாலும் முதல் மாதத்திலேயே சில வேலைகள் இருக்கின்றன. கியர் பாக்ஸ் ஆயில்: டொயோட்டாவின் டபிள்யூஎஸ் ஆயில் மட்டும், நான்கு லிட்டர் வாங்கினால் போதும். நிரப்பும் போல்ட் கழன்று வருகிறதா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் வடிக்கும் போல்ட்டைத் தொட வேண்டும். துளையின் விளிம்பு வரை நிரப்பினால் அதுதான் அளவு. கம்பெனி இதை மாற்றச் சொல்வதில்லை, ஆனால் மோட்டார் சுருள்கள் அந்த ஆயிலில்தான் குளிர்கின்றன. லட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவதை விட்டுவிடாதீர்கள். இன்வெர்ட்டர் கூலன்டை மாற்றுங்கள். பேட்டரி விசிறியைக் கழற்றி, இறகு இறகாகத் துடைக்கச் சொல்லுங்கள். அதன்பின் வருடம் ஒருமுறை. பின் இருக்கை அருகே இருக்கும் காற்றுச் சல்லடை மீது துணி, பை எதையும் வைக்காதீர்கள்.

12 வோல்ட் பேட்டரியை மல்டிமீட்டரில் பாருங்கள். கார் அணைந்து சில மணி நேரம் ஆன பிறகு 12.6 இருந்தால் நன்று, 12.2-க்குக் கீழே என்றால் மாற்றுங்கள். சிறிய பேட்டரிதான், ஆனால் அது தளர்ந்தால் கார் சம்பந்தமே இல்லாத எச்சரிக்கைகளை எல்லாம் காட்டும். உயரழுத்தப் பேட்டரி போய்விட்டது என்று பலர் பயந்துவிடுவது இதனால்தான். காரின் உள்பக்கம் இருப்பதால் வாயு வெளியேறும் குழாய் உள்ள, அந்தக் காருக்கென்று வரும் பேட்டரியே வேண்டும். வேறு காரிலிருந்து மின்சாரம் எடுத்து எழுப்ப நேர்ந்தால் பேட்டரியின் கூட்டல் (+), கழித்தல் (-) முனைகளை இருமுறை பாருங்கள். ஒரு நொடி மாற்றி வைத்தாலும் பெரிய மின்னணுப் பாகங்கள் போய்விடும்.

என்ஜின் ஆயிலில் இன்னொரு கவனம். 2008 பிரியஸுக்கு ஃபில்டரோடு 3.7 லிட்டர், 2011-க்கு 4.2 லிட்டர். எல்லாக் காருக்கும் நான்கு லிட்டர் கேனைக் கவிழ்க்கும் பழக்கம் ஒர்க்ஷாப்களில் உண்டு. 2008 காரில் அது கூடுதல். மிஞ்சிய ஆயில் ஆவியாகி இன்டேக்கில் போய்ச் சேரும். பக்கத்தில் நின்று குச்சியைப் பார்த்து ஊற்றச் சொல்லுங்கள்.